மறு: செஸ் எஞ்சின் தெரிந்தே செய்யும் தவறுக்கு ஒரு சொல்

> பெரும்பிழை என்ற சொல்லே போதும். மனிதர் செய்தாலும் கணினி செய்தாலும் பிழை பிழைதான்.

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை ஐயா. ஆட்டத்தையே கெடுக்கும் மோசமான நகர்வான பிளண்டருக்கு (blunder) பெரும்பிழை என்பது சரி, அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் புதிதாக ஆடுகிறவருக்காகத் திறனைக் குறைத்து வைத்த எஞ்சின், அதாவது சதுரங்கம் ஆடும் கணினி நிரல், ராணியைத் தூக்கிக் கொடுப்பதைப் பிழை என்று எப்படிச் சொல்வது? ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினில் திறன் நிலை 0 முதல் 20 வரை இருக்கிறது. 20க்குக் கீழே இறக்கினால், அது சில நகர்வுகளை எடைபோட்டு வைத்துக்கொண்டு, அவ்வப்போது நல்லதை விட்டுவிட்டு மட்டமான ஒன்றைக் குலுக்கல் போட்டதுபோல எடுக்கும். புதிதாக ஆடுகிறவர் தவறுவது இப்படியில்லை. குதிரை எங்கே பாயும் என்று பார்க்காமல் விடுவார், கடைசி வரிசையில் ராஜா மூச்சுமுட்டி நிற்பதை மறப்பார். அந்தத் தவறுக்கு ஒரு காரணம் இருக்கும், எதிராளியும் அதைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

தம்பி மகளுக்கு ஒன்பது வயது, கைப்பேசியில் எந்நேரமும் இதே ஆட்டம்தான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு நகர்வு வரை பிசகில்லாமல் ஆடிய எஞ்சின், திடீரென்று ராணியை அவளுடைய சிப்பாயின் வாயில் கொண்டுபோய் வைத்தது. அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "அது எப்படியும் குடுத்துடும் பெரியப்பா, அதுவரைக்கும் சும்மா நகத்திட்டு இருந்தாப் போதும்" என்றாள். அப்புறம் ஒரு போட்டிக்குப் போனாள். எதிரே உட்கார்ந்த பையன் எதையும் கொடுக்கவில்லை, இவளும் காத்துக்கொண்டே இருந்து தோற்றாள்.

ஆகவே என் பரிந்துரை: விடுநகர்வு. சின்னப் பிள்ளைகளோடு விட்டுக்கொடுத்து ஆடுகிறோமே, அந்த 'விடு'. 'செயற்கைப் பிழை' என்று ஒருவர் எழுதியிருந்தார், அது மென்பொருள் வழுவைச் சொல்வதுபோல் இருக்கிறது. தன் முறை வரும்போது நகர்த்தாமல் விட்டுக்கொடுத்துச் சும்மா இருப்பது என்று விடுநகர்வைத் தவறாக எடுத்துக்கொள்வார்களா? சதுரங்கத்தில் அதற்கு இடமே இல்லை என்பதால் குழப்பம் வராது. அதற்கு இடமுள்ள கோ என்ற பலகை ஆட்டத்துக்கு எழுதும்போது பார்த்துக்கொள்வோம்.

மையா என்ற எஞ்சினையும் கணக்கில் எடுங்கள். லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு, 1100 முதல் 1900 வரையிலான தரப்புள்ளிகளுக்குத் தனித்தனியாகப் பழக்கியது. அந்தத் தரத்து ஆள் என்ன ஆடுவார் என்று ஊகித்து அதையே ஆடும். அது தவறினால் பெரும்பிழை என்றே எழுதலாம், மனிதத் தவறுதானே. இரண்டு சொல்லும் தேவை என்பது இதனால்தான்.

குகேஷை 2500 தரப்புள்ளியை நெருங்கும்வரை எஞ்சின் பக்கமே விடாத பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவை இந்த இழையில் இழுத்தார்கள். அது ஆய்வுக்கு எஞ்சின் பார்ப்பது பற்றியது, வேறு கதை. நானும் எஞ்சினே வேண்டாம் என்கிற கட்சி இல்லை. தனி ராஜாவை யானையும் ராஜாவும் வைத்து மடக்கிப் பழக, முழுத் திறனில் வைத்த எஞ்சினைப்போல் சலிக்காமல் கடைசிவரை இழுத்தடிக்கும் ஆள் வீட்டில் யார் கிடைப்பார்?

விடுநகர்வா, விடுநகர்த்தலா? எனக்கு முதலாவது நாவில் நிற்கிறது. விக்சனரியில் ஏற்றுவதற்குமுன் மறுப்பு இருந்தால் சொல்லிவிடுங்கள்.