விசிலரின் சிறகுச் சத்தம் கேட்டவர்கள்

வால்தம்ஸ்டோ, லண்டன்

விசிலர் என்கிற கார்ட்டூன் கொக்கை நினைவிருக்கிறவர்கள் எழுதுங்கள். நேரில் ஒரு கொக்கைப் பார்த்துவிட்டு அவரை நினைத்துக்கொண்டவர்களும் எழுதலாம். முதலில் நான் எழுதுகிறேன்.

நாங்கள் 1991இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தோம். 1993 ஜனவரியில் பிபிசியில் 'த அனிமல்ஸ் ஆஃப் ஃபார்திங் வுட்' என்கிற கார்ட்டூன் தொடர் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. இங்கிலிஷ் அரைகுறை, ஆனால் கதை விளங்கியது. வீடு கட்டுவதற்காகக் காட்டை அழிக்கிறார்கள். நரி, வளை தோண்டி வாழும் பாட்ஜர், ஆந்தை, விரியன், முயல், எலி எல்லாம் ஒன்றையொன்று தின்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு வெள்ளை மான் பூங்காவைத் தேடி வெளிக்கிடுகின்றன. வழி தெரிந்தது ஒரு தேரைக்கு மட்டும். வேகமாக நடக்க முடியாத அகழெலியை பாட்ஜர் முதுகில் ஏற்றிக்கொள்ளும். எங்கள் வீட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விசிலர் தொடக்கத்திலிருந்தே கூட வருபவர் அல்ல. பாதி வழியில், தண்ணீர் நிரம்பிய பழைய கல்லுக்குழி ஒன்றில்தான் இவர்களைச் சந்திக்கிறார். அவருடைய ஒரு சிறகில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டை இருக்கிறது. பறக்கும்போது காற்று அதற்குள்ளால் போய் விசில் சத்தம் வரும். பெயரும் அதனால் வந்ததுதான்.

அந்த அங்கம் ஓடியபோது அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ரிவியில் அந்த விசில் மேலேயிருந்து இறங்குவது போலக் கேட்டதும் கத்தியோடு ஓடிவந்து கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். ஊரில் வானத்தில் ஏதாவது கூவிக்கொண்டு வந்தால் அது ஷெல். குப்புறப் படுத்துவிட வேண்டும். லண்டன் வந்து இரண்டு வருடமாகியும் அம்மாவின் உடம்பு அதை மறக்கவில்லை.

"என்ன சத்தம் பிள்ளை அது?"

"கொக்கு, அம்மா. செட்டையில ஓட்டை. பறக்கேக்க காத்து அதுக்குள்ளால போய்ச் சத்தம் வருது."

"ஓட்டை எப்பிடி?"

"சூடு பட்டதாம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "சூடு பட்டும் பறக்குதோ?" என்றார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுப்பில் கறி அடிப்பிடித்துவிட்டது. அதன்பிறகு விசிலர் வருகிற அங்கம் எதையும் அம்மா தவறவிடவில்லை.

கொலின் டான் 1979இல் எழுதிய நாவல்தான் மூலக்கதை என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று தொடர்களாக மொத்தம் 39 அங்கங்கள் வந்தன. இன்று யோசித்தால் இந்தப் பாத்திரத்தில் என்னை அசைப்பது ஒன்றுதான். விசிலடிப்பது விசிலர் அல்ல, அவருடைய காயம். அவர் நினைத்தாலும் சத்தமில்லாமல் பறக்க முடியாது. நிஜக் கொக்கு ஒன்று தலைக்கு மேலே வந்தால் எலி புல்லுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் அப்படியே விழுங்கிவிடும். ஆனால் இந்தக் கதையில் விசில் கேட்டால் எலிகள் நிம்மதியாக நிமிர்ந்து பார்க்கலாம்.

டோர்ட்முண்ட், ஜேர்மனி

அக்கா, நான் இதை டொச் மொழியில் பார்த்தேன். இங்கே வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால் 'விலங்குகள் காட்டை விட்டுப் போனபோது'. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் இடம்பெயர்ந்த செய்தி வந்த அன்று, அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு அந்தத் தலைப்பைத்தான் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அப்பம்மாவும் அந்தச் சனத்துக்குள் இருந்தார்.

என்னுடைய சந்திப்பு சின்னது. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஒரு மீன் குளம். அதன் கரையில் பிளாஸ்டிக் கொக்கு ஒன்றை நட்டு வைத்திருந்தார்கள். ஏற்கெனவே ஒன்று நிற்பதைக் கண்டால் நிஜக் கொக்கு இறங்காது என்பது நம்பிக்கை. எனக்கு அது விசிலர். பள்ளிக்கூடம் போகும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதற்குக் காலை வணக்கம் சொல்வேன்.

ஒரு பனிக்காலைப் பொழுதில் அங்கே இரண்டு நின்றன. எது எதுவென்று தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றின் அலகு நுனியில் நீர்த்துளி ஒன்று திரண்டு தொங்கியது. மஞ்சள் கண். கண்ணுக்கு மேலே தொடங்கிப் பின்னந்தலையில் நீண்டு கிடந்த கறுப்பு இறகு காற்றில் மெல்ல எழுந்து விழுந்தது. துளி விழவும் அது ஒரு காலைத் தூக்கி, விரல்களை மடக்கி, அப்படியே வைத்துக்கொண்டது. அவ்வளவு பக்கத்தில் ஒரு காட்டுப் பறவையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் வணக்கம் சொன்னேன். பறந்துவிட்டது.

கேம்டன், லண்டன்

நான் சென்னைக்காரன், இந்தத் தொடரைச் சின்ன வயதில் பார்த்ததில்லை. மகளுக்காகத் தேடிப் பார்த்தபோதுதான் விசிலரைத் தெரியும். ரீஜண்ட்ஸ் பார்க் ஏரித் தீவில் கொக்குகள் கூடு கட்டுகின்றன. பிப்ரவரியில் மரங்களில் இலை இருக்காது, அதனால் சுள்ளிக் கூடுகள் கரையிலிருந்தே நன்றாகத் தெரியும். மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நிஜக் கொக்கின் குரல் கரகரவென்று 'க்ராங்க்' என்று வந்ததும் அவள் முகம் வாடிவிட்டது. "அப்பா, இதுக்கு ஓட்டை இல்லையா?" என்று கேட்டாள். இல்லைம்மா, நல்லா இருக்கு என்றேன். சரி, அப்படின்னா சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வால்தம்ஸ்டோ, லண்டன்

தம்பி, உங்கள் மகள் சொன்னதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளையின் பெயரைக் கேட்டார்.

அம்மாவின் சந்திப்பையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நீர்த்தேக்கங்களின் தீவுகளில் கொக்குகள் கூடு கட்டுவது வழக்கம். 2017 ஒக்டோபரில் அந்த இடத்தை வால்தம்ஸ்டோ வெட்லண்ட்ஸ் என்று எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அடுத்த கோடையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முழங்கால் நோ, அதனால் இருக்கிற வாங்கிலெல்லாம் இருந்து இருந்துதான் நடந்தோம். கரையோரம் நின்ற கொக்கு ஒன்று எங்களைக் கண்டு எழும்பியது. கழுத்தை உள்ளே மடக்கி, காலைப் பின்னால் நீட்டி, அவசரமே இல்லாமல் சிறகடித்தபடி எங்கள் தலைக்கு மேலாலேயே போனது. இறகு உதிர்கிற காலம் போல. இடது சிறகில் ஓர் இறகு இல்லாத இடைவெளியால் வானம் தெரிந்தது.

அம்மாவும் அதைக் கண்டுவிட்டார். கையைக் காதுக்குப் பின்னால் வளைத்து வைத்தார்.

"கேக்குதோ பிள்ளை?"

"காத்துத்தான் அம்மா."

"கொஞ்சம் பேசாம நில்லு" என்றார். கொக்கு தண்ணீரைத் தாண்டித் தீவில் இறங்கி, சிறகை மடக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.