55 ரூபாயிலிருந்து 5 ரூபாய்: சென்னை பெட்ரோலியத்தின் ஈவுத்தொகையை எப்படிப் புரிந்துகொள்வது?

வடசென்னைவாசி (கேள்வி, 2025):

அனைவருக்கும் வணக்கம். கூட்டுறவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு வயது 61. சென்னை பெட்ரோலியம் நிறுவனம் 2023-24ஆம் நிதியாண்டுக்காக ஒரு பங்குக்கு 55 ரூபாய் ஈவுத்தொகை (லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பகிர்ந்து தரும் பணம்) தரப்போகிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, 2024ஆம் ஆண்டு கோடையில், பங்கின் விலை ஆயிரம் ரூபாயைச் சுற்றி இருந்தபோது 200 பங்குகள் வாங்கினேன். இரவில் அந்த நிறுவனத்தின் மணலி சுத்திகரிப்பு ஆலையின் உயர்ந்த குழாயில் எரியும் தீச்சுடரைப் பார்த்தபடியே வளர்ந்தவன் நான். கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும் ஆலை, அதிலும் இந்தியன் ஆயில் கையில் உள்ள நிறுவனம் என்பதால் மனத்தில் எந்தத் தயக்கமும் எழவில்லை. இரண்டு லட்சம் ரூபாய்க்கு ஆண்டுதோறும் 11,000 ரூபாய் வரும், பங்கின் விலை உயர்ந்தால் அது தனி ஆதாயம் என்று கணக்குப் போட்டேன்.

அந்த ஆண்டு பணம் வந்தது. ஆனால் 11,000 அல்ல, வரி பிடித்தம் போக 9,900 ரூபாய். இப்போது 2024-25ஆம் ஆண்டுக்கு இயக்குநர் குழு ஒரு பங்குக்கு 5 ரூபாய் மட்டுமே பரிந்துரைத்திருக்கிறது. எனக்குக் கிடைக்கப்போவது 1,000 ரூபாய். பங்கின் விலையும் நான் வாங்கிய விலைக்கு வெகு கீழே இருக்கிறது.

பெட்ரோல், டீசல் விற்பனை குறைந்ததாகத் தெரியவில்லை, பம்புகளில் விலையும் குறையவில்லை. அப்படியிருக்க ஒரே ஆண்டில் ஈவுத்தொகை பதினொன்றில் ஒரு பங்காக எப்படிச் சுருங்கும்? பெரிய பங்குதாரர்கள் தங்கள் வசதிக்காகச் சிறு பங்குதாரர்களைக் கைவிட்டுவிட்டார்களா? பொதுக்கூட்டத்தில் கூடுதலாகக் கேட்டுப் பெற வழி உண்டா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணக்காளர் கோவை:

ஐயா, வணக்கம். உங்கள் ஏமாற்றம் நியாயமானது. ஆயினும் யாரோ உங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள் என்ற எண்ணம் சரியல்ல என்பதை எண்களைக் கொண்டே காட்ட முடியும்.

இந்த நிறுவனத்தில் மொத்தம் ஏறத்தாழ 14.89 கோடிப் பங்குகள் உள்ளன. இவற்றில் இந்தியன் ஆயில் வைத்திருப்பது 51.89 சதவீதம், ஈரானிய அரசு எண்ணெய் நிறுவனத்தைச் சேர்ந்த நாஃப்டிரான் வைத்திருப்பது 15.40 சதவீதம், எஞ்சியது நம்மைப் போன்றவர்களிடமும் நிதி நிறுவனங்களிடமும் இருக்கிறது. பங்குக்கு 55 ரூபாய் வீதம் வழங்கியபோது வெளியே சென்ற தொகை சுமார் 819 கோடி ரூபாய். அந்த ஆண்டின் தனி நிகர லாபம் (கூட்டு நிறுவனங்களின் கணக்கைச் சேர்க்காதது) சுமார் 2,711 கோடி என்பதால், லாபத்தில் 30 சதவீதம் பங்குதாரர்களுக்கு வந்தது. 2024-25இல் லாபம் சுமார் 174 கோடியாக வீழ்ந்துவிட்டது. 5 ரூபாய் வீதம் கொடுத்தால் ஏறத்தாழ 74 கோடி ஆகும்; அதாவது லாபத்தில் 43 சதவீதம். விகிதப்படி பார்த்தால் சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டுதான் அதிகமாகக் கொடுக்கிறார்கள். ஈவுத்தொகை எல்லாப் பங்குக்கும் ஒரே வீதத்தில்தான் வழங்கப்படும் என்பதால், இந்தியன் ஆயிலுக்குச் சென்ற முறை கிடைத்த சுமார் 425 கோடியும் இம்முறை 40 கோடிக்குக் கீழே வந்துவிடுகிறது. அவர்களுக்கு நேர்ந்ததும் நமக்கு நேர்ந்ததும் ஒன்றே.

அடுத்து, லாபம் ஏன் இப்படிச் சரிந்தது என்பதுதான் முக்கியம். பம்பில் நாம் கொடுக்கும் விலையைப் பார்த்து இந்த நிறுவனத்தின் வருமானத்தை ஊகிக்க முடியாது. இந்த நிறுவனம் தன் எரிபொருளை நேரடியாகப் பம்புகளில் விற்பதில்லை. பெரும்பகுதி இந்தியன் ஆயில் வழியாகவே சந்தைக்குச் செல்கிறது. நிறுவனத்தின் பிழைப்பு, ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயை வாங்கும் விலைக்கும், அதிலிருந்து கிடைக்கும் டீசல், பெட்ரோல், விமான எரிபொருள் முதலியவற்றின் விலைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. இதைத்தான் சுத்திகரிப்பு மார்ஜின் என்கிறார்கள். 2023-24இல் இது பீப்பாய்க்கு 8.64 டாலராக இருந்தது, 2024-25இல் 4.22 டாலராகிவிட்டது.

நான்கு டாலர் சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் மணலி ஆலையின் திறன் ஆண்டுக்கு 105 லட்சம் டன். பீப்பாய்க் கணக்கில் ஏறத்தாழ 7.7 கோடி. மார்ஜின் ஒரு டாலர் குறைந்தாலே ஆண்டுக்கு 640 கோடி ரூபாய்க்குக் குறையாமல் வருமானம் போய்விடும் என்னும்போது, நான்கு டாலருக்கு மேல் குறைந்ததன் விளைவை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆலையை இயக்கும் செலவும் தேய்மானமும் சம்பளமும் வட்டியும் மார்ஜினோடு சேர்ந்து குறைவதில்லை. ஆகவே இழப்பின் முழுச் சுமையும் லாபத்தின் மீதே விழுகிறது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு டீசலுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டு மார்ஜின் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்தது. அந்த அசாதாரணக் காலத்தின் பயன்தான் நீங்கள் கண்ட 55 ரூபாய். அதை நிலையான ஆண்டு வருமானமாக எடுத்துக்கொண்டதில்தான் பிழை நேர்ந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஈவுத்தொகையை விலையால் வகுத்து 5.5 சதவீதம் என்று காட்டும் இணையப் பட்டியல்கள் எல்லோரையும் இந்த முடிவுக்குத்தான் கொண்டு செல்கின்றன.

இன்னொன்று. சில அறிவிப்புகளில் 550 சதவீத ஈவுத்தொகை என்று போட்டிருப்பார்கள். அது 10 ரூபாய் முகமதிப்பின் (பங்குக்கு ஏட்டில் குறித்த மதிப்பின்) மீதான சதவீதம். நீங்கள் முதலீடு செய்த பணத்துக்கும் அந்தச் சதவீதத்துக்கும் தொடர்பே இல்லை.

நெடுநாள் பங்குதாரர்:

மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பழைய பெயர் இருந்த காலத்திலிருந்தே இந்தப் பங்கை வைத்திருப்பவள் நான். என் கணவர் காகிதச் சான்றிதழாக வாங்கியது, பிறகு பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்குக்கு மாற்றினோம். இந்த நிறுவனத்தின் ஈவுத்தொகை வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இப்போதைய அறிவிப்பு உங்களுக்கு அதிர்ச்சி தராது.

2012-13இல் சுமார் 1,767 கோடி ரூபாய் நட்டம். பிறகு நிலைமை சீரடைந்து, 2016-17இல் பங்குக்கு 21 ரூபாய் கொடுத்தார்கள். 2018-19இல் மீண்டும் நட்டம். 2019-20இல் 2,000 கோடிக்கு மேல் நட்டம். கொரோனா தொடங்கிய அந்த மார்ச் மாதத்தில் கச்சா எண்ணெய் விலை சரிந்து, அதிக விலைக்கு வாங்கித் தொட்டிகளில் வைத்திருந்த இருப்பின் மதிப்பே கரைந்துபோனது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் ஒரு பைசா வரவில்லை. 2021-22க்கு 2 ரூபாய், 2022-23க்கு 27 ரூபாய், அடுத்து 55, இப்போது 5. இந்த வரிசையில் எந்த எண்ணை வைத்தும் அடுத்த எண்ணைச் சொல்ல முடியாது. வானம் பார்த்த பூமியில் விளைச்சல் எடுப்பது போன்றதுதான் இது. நல்ல மழை பெய்த ஆண்டின் மகசூலை வைத்து மறு ஆண்டுக்கான குடும்பச் செலவைத் திட்டமிட முடியாது.

நான் இந்தப் பங்கை விற்கவில்லை, விற்கும் எண்ணமும் இல்லை. ஆனால் இதிலிருந்து வரும் பணத்தை மாதச் செலவுக்கு நம்பியதே இல்லை. வந்த ஆண்டுகளில் அப்படியே வங்கியில் போட்டுவிடுவேன்.

வடசென்னைவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. விகிதக் கணக்கைப் படித்த பிறகு கோபம் தணிந்துவிட்டது. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. லாபம் கொழித்த ஆண்டுகளில் கொஞ்சம் எடுத்து வைத்து, மெலிந்த ஆண்டுகளில் சேர்த்துக் கொடுத்தால் எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்குமே. வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்கள் அப்படிச் செய்வதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

லண்டன் தமிழன்:

ஓரளவு உண்மைதான் ஐயா. ஷெல், பிபி போன்ற நிறுவனங்கள் காலாண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை வைத்துக்கொண்டு, லாபம் ஏறினாலும் இறங்கினாலும் அதைக் காப்பாற்ற முயலும். இங்குள்ள ஓய்வூதிய நிதிகள் அந்த வருமானத்தை நம்பியே திட்டமிட்டு வந்தன. ஆனால் 2020 ஏப்ரலில் ஷெல் தன் காலாண்டு ஈவுத்தொகையை 47 சென்ட்டிலிருந்து 16 சென்ட்டாகக் குறைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்நிறுவனம் அப்படிக் குறைத்தது அதுவே முதல்முறை. பிபி அதே ஆண்டு ஆகஸ்டில் பாதியாக வெட்டியது. அவற்றுக்கோ எண்ணெய்க் கிணறுகள், எரிவாயு, சுத்திகரிப்பு, பம்புகள் என்று பல கால்கள் உண்டு. ஒன்று தளர்ந்தால் மற்றொன்று தாங்கும். அப்படியும் முடியவில்லை. சுத்திகரிப்பு என்ற ஒரே காலில் நிற்கும் நிறுவனத்திடம் நிலையான தொகையை எதிர்பார்ப்பது கடினம்.

இருந்தாலும் உங்கள் கருத்தில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. 2022-23இல் லாபம் 3,500 கோடியைத் தாண்டியது. அப்போது கொடுத்த 27 ரூபாய் அந்த லாபத்தில் ஏறத்தாழ 11 சதவீதம்தான். லாபம் உச்சத்தில் இருந்த ஆண்டில் 11, அடுத்த ஆண்டில் 30, இப்போது 43 என்று விகிதம் தாவுவதற்கு என்ன அடிப்படை என்று கேட்கப் பங்குதாரருக்கு உரிமை உண்டு.

கணக்காளர் கோவை:

நல்ல கேள்வி. முந்தைய நட்டங்களால் ஏறியிருந்த கடனை அடைத்ததும், நாகப்பட்டினம் அருகே ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுடன் திட்டமிடப்பட்டுள்ள புதிய ஆலையில் நிறுவனத்துக்குப் பங்கு இருப்பதும் காரணங்களாக இருக்கலாம் என்பது என் ஊகம். அந்தத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய செலவு முன்னே நிற்கும்போது கையிருப்பை முழுவதும் பகிர்ந்து கொடுத்துவிடுவதை நான் விரும்ப மாட்டேன்.

உங்கள் கேள்விகளில் விடுபட்டவற்றுக்கு வருகிறேன். பொதுக்கூட்டத்தில் ஈவுத்தொகையைக் கூட்டிக் கேட்க வழியில்லை. இயக்குநர் குழு பரிந்துரைத்த தொகையைப் பங்குதாரர்கள் ஏற்கலாம், குறைக்கவும் செய்யலாம், மிகுதியாக்க முடியாது. ஆனால் விளக்கம் கேட்கலாம். கூட்ட அறிவிப்பு மின்னஞ்சலில் வரும்போது, பேச விரும்புவோர் எந்தத் தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் குறிப்பிட்டிருப்பார்கள். சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் தம் ஈவுத்தொகைக் கொள்கையை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. அதை முதலில் படித்துவிட்டு, அதில் உள்ள வாசகத்தையே சுட்டிக்காட்டிக் கேளுங்கள். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும்.

வரி பற்றி: 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகைக்கான வரி பங்குதாரரின் கையில் விதிக்கப்படுகிறது. ஒரே நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். அதனால்தான் உங்களுக்கு 1,100 ரூபாய் போனது. 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 10,000 ரூபாயாக உயர்ந்திருப்பதால் இம்முறை உங்கள் 1,000 ரூபாயில் பிடித்தம் இராது. சென்ற ஆண்டு பிடித்தது, உங்கள் பெயரில் பிடிக்கப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் இருக்கும். உங்கள் மொத்த வருமானத்துக்கு வரியே இல்லையென்றால், கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். இனி வேறு எந்த நிறுவனத்திலிருந்தாவது பெரிய தொகை வருவதாக இருந்தால், 60 வயது கடந்தவர் என்ற முறையில் வரி பிடிக்க வேண்டாம் என்று உறுதி கூறும் 15ஹெச் படிவத்தை முன்கூட்டியே பங்குப் பதிவாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

நெடுநாள் பங்குதாரர்:

ஒரு சிறு குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை மாற்றினால் டீமேட் கணக்கிலும் உடனே மாற்றிவிட வேண்டும். ஏழு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் ஈவுத்தொகை, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பெறாமல் விட்டால் பங்குகளும் அதோடு போகும். என் கணவர் காலமான பிறகு வேறொரு நிறுவனத்தின் பங்குகளை அப்படி இழந்து, மனுப்போட்டு மீட்க இரண்டு ஆண்டுகள் அலைந்தேன்.

வடசென்னைவாசி:

அம்மா, இன்று காலையே சரிபார்த்தேன். வங்கி விவரம் சரியாக இருக்கிறது. 26ஏஎஸ் படிவத்தில் 1,100 ரூபாயும் தெரிகிறது. பங்குகளை இப்போதைக்கு விற்கப் போவதில்லை. மாதச் செலவுக்காக ஒதுக்க நினைத்திருந்த மீதிப் பணத்தை மட்டும், இன்னொரு எண்ணெய்ப் பங்கில் போடாமல், 8.2 சதவீத வட்டி தரும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட அஞ்சலகத்தில் படிவம் வாங்கி வந்துவிட்டேன். பொதுக்கூட்ட அறிவிப்பு வந்ததும் பேசுவதற்குப் பதிவு செய்வேன். 11, 30, 43 என்ற அந்த மூன்று எண்களைப் பற்றித்தான் கேட்கப் போகிறேன்.