லிட்ஸ்ட்ரோமின் மைனஸ் 2: ஏழாவது நாரிஸ் நியாயமா?

நாலாம்நம்பர்:
ஐஸ் ஹாக்கியில் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம்தான் பாபி ஆருக்கு அடுத்த டிஃபென்ஸ்மேன் (தற்காப்பு ஆட்டக்காரர்), ஏழு நாரிஸ் கோப்பையே (என்எச்எல் லீக்கில் சீசனின் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான விருது) சாட்சி என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். ஏழாவது வாங்கிய 2010-11 சீசனில் டெட்ராய்ட்டில் அவர் பிளஸ்-மைனஸ் கணக்கு மைனஸ் 2, அதாவது அவர் ஐஸில் நிற்கும்போது அணி போட்ட கோலைவிட வாங்கிய கோல் இரண்டு அதிகம். அதே சீசனில் பாஸ்டன் டிஃபென்ஸ்மேன் சாரா பிளஸ் 33. மைனஸ் 2 எடுத்தவர் சிறந்த டிஃபென்ஸ்மேனா? பழைய பெயருக்குப் போட்ட மாலை அது.

அஞ்சாம்நம்பர்:
20 சீசன், 1,564 ஆட்டம், மொத்தம் பிளஸ் 450. மைனஸில் முடிந்தது அந்த ஒரே சீசன். அதைத்தான் தோண்டி எடுத்தீர்களா? பவர்பிளேயில் (எதிரணி ஆள் பெனால்டியில் வெளியே இருக்கும் நேரம்) நம் அணி கோல் போட்டால் யாருக்கும் பிளஸ் கிடையாது. அதே பவர்பிளேயில் ஆள் குறைந்த எதிரணி கோல் போட்டால் ஐஸில் நிற்கிற அத்தனை பேருக்கும் மைனஸ். கடைசி நிமிடத்தில் கோலியை (கோல்கீப்பரை) வெளியே எடுத்து, பதிலுக்கு ஒரு தாக்கும் ஆட்டக்காரரை இறக்கி, எதிரணி காலி வலையில் போட்டால் அதற்கும் மைனஸ். இந்த இரண்டு நேரத்திலும் இறக்கப்பட்டவர் அவர். 40 வயதில் 62 பாயின்ட் (கோலும் கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்து). அது கண்ணில் படவில்லையா?

நாலாம்நம்பர்:
விதி சாராவுக்கும் அதேதான். பிளஸ் 33. ஆர் 1970-71இல் பிளஸ் 124.

நீலக்கோடு:
சாராவை ஏன் இழுக்கிறீர்கள்? நாரிஸ் வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தவர் நாஷ்வில்லின் ஷே வெபர். ஹாக்கி நிருபர்கள் ஐந்து பேரை வரிசைப்படுத்துவார்கள், 10-7-5-3-1 என்று மதிப்பு. வெபர் தோற்றது வெறும் 9 புள்ளியில். ஏமாந்தது நாஷ்வில்.

அஞ்சாம்நம்பர்:
தோற்றவர் தோற்றவர்தான். டிஃபென்ஸ் என்றால் என்ன என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பின்னால் சறுக்கும்போது எதிராளிக்கும் லிட்ஸ்ட்ரோமுக்கும் நடுவே ஒரு ஸ்டிக் நீளம்தான். ஸ்டிக்கின் மேல்முனையில் ஒரு கை மட்டும், முழங்கை விலாவோடு, பிளேடு ஐஸில். எதிராளி பக்கை (ரப்பர் வட்டை) உடம்பைவிட்டு வெளியே தள்ளும் அந்த நொடியில்தான் கை நீளும். முந்தி நீட்டினால் ஸ்டிக்குக்கும் ஸ்கேட்டுக்கும் நடுவே பக் நுழைந்துவிடும், திரும்புவதற்குள் ஆள் கோலி முன்னால் நிற்பான். 1997 ஃபைனலில் பிலடெல்பியாவின் லிண்ட்ரோஸ் தாக்குதல் வரிசையை மடக்க டெட்ராய்ட் கோச் ஸ்காட்டி போமன் முரட்டு ஜோடியை அனுப்பவில்லை, லிட்ஸ்ட்ரோமையும் மர்ஃபியையும் அனுப்பினார். தொடர் 4-0 வெற்றி. லிண்ட்ரோஸுக்கு மொத்தம் ஒரே கோல், அதுவும் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில்.

நாலாம்நம்பர்:
1997ஐச் சொல்லி 2011 கோப்பையை நியாயப்படுத்துகிறீர்கள். நான் சொன்னதும் அதுதானே, பழைய பெயர். உடம்பால் மோதத் தெரியாதவர் வேறு.

அஞ்சாம்நம்பர்:
மோதிவிட்டு பெனால்டி பாக்ஸில் உட்கார்வது வீரமா? வாழ்நாள் பெனால்டி 514 நிமிடம், மூன்று ஆட்டத்துக்கு ஒரு நிமிடம். பெட்டியில் உட்கார்ந்தவன் யாரையும் மறிக்க முடியாது.

நீலக்கோடு:
2002 பிளே-ஆஃபில் (சீசன் முடிந்து வரும் நாக்அவுட் சுற்று) வான்கூவருக்கு எதிரே மையக்கோட்டிலிருந்து அடித்ததை அவர்கள் கோலி டான் க்ளூட்டியே விட்டாரே, அதுவும் திறமைக் கணக்கிலா? கோலி தூங்கினார், அவ்வளவுதான்.

அஞ்சாம்நம்பர்:
0-2 என்று பின்தங்கியிருந்த தொடர் 4-2 ஆனது. அந்த வருடம் கான் ஸ்மைத் கோப்பை (பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கு) வாங்கிய முதல் ஐரோப்பியர் அவர். வலை நோக்கி அடித்தால்தான் கோலி தவறவிட முடியும். ஆர் ரசிகருக்கும் ஒன்று: 657 ஆட்டத்தோடு முழங்கால் போய்விட்டது. இவர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆடினார்.

நாலாம்நம்பர்:
அந்த 657இல் 915 பாயின்ட், எட்டு நாரிஸ், தொடர்ச்சியாக. காயத்தை ஏளனம் செய்யாதீர்கள். 1,564 ஆடியும் உங்கள் ஆள் 1,142தான்.

அஞ்சாம்நம்பர்:
ஏளனம் இல்லை, கணக்கு. ஸ்டான்லி கோப்பை (லீக் சாம்பியன் பட்டம்) நான்கு: 1997, 1998, 2002, 2008. ஆருக்கு இரண்டு.

நாலாம்நம்பர்:
நான்கு இருக்கட்டும். நான் கேட்டது 2010-11. மைனஸ் 2. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அஞ்சாம்நம்பர்:
இரண்டாவது பதிவிலேயே சொல்லிவிட்டேன். மறுபடி படியுங்கள்.