'டேக்': குறிச்சொல்லா, பொறிப்பா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கோவை, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காக மேகக் கணிமை (கிளவுட் கம்ப்யூட்டிங்) பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒன்பதாம் பாடத்தில் நின்றுவிட்டேன்.

பாடத்தின் பொருள் எளியதுதான். மேகத்தில் எடுக்கும் ஒவ்வொரு வளத்துக்கும், அது மெய்நிகர் கணினியோ தரவுத்தளமோ சேமிப்பிடமோ, 'டேக்' போட வேண்டும். இது யாருடையது, எந்தத் திட்டத்துக்கு, செலவு யார் கணக்கில் என்பதை அது சொல்லும். கையால் போடச் சொன்னால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். அதனால் நிரலர் (நிரல் எழுதுபவர்) ஒரு படிவத்தை நிரப்பி வளத்தைக் கேட்கிறார். படிவத்தில் உள்ள விவரங்களே டேக்குகளாக வளத்தின் மேல் தானாக ஏறிவிடுகின்றன. யாரும் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

இதற்கு நான் எழுதி வைத்திருக்கும் தலைப்பு: "தற்சேவைப் பணிப்பாய்வுகள் வழியே மேக வளங்களுக்குக் குறிச்சொல்லிடுதலைத் தானியக்கமாக்கல்". வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கடைசி வரிசைப் பையன் எழுந்து, "தானியம் எங்கேம்மா வந்தது?" என்றான். அவன் கேட்டதில் தவறில்லை.

எனக்கு வேண்டியவை: டேக்குக்கு ஒரு பெயர், அதை வினையாக்க ஒரு வழி, டேக் இல்லாத வளத்தை அழைக்க ஒரு தொடர். கூகுள் மேகத்தில் 'லேபிள்' வேறு, 'டேக்' வேறு. ஆகவே இரண்டுக்கும் ஒரே சொல் உதவாது.

சென்னை, திங்கள் மதியம்

அக்கா, குறிச்சொல் இருக்கிறதே. வலைப்பதிவு எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இடுகைக்குக் கீழே 'குறிச்சொற்கள்' என்றுதான் போட்டு வருகிறோம். நின்றுபோன சொல்லை எதற்கு அசைக்க வேண்டும்?

சிங்கப்பூர், திங்கள் இரவு

வலைப்பதிவுக்கு அது சரி, அங்கே டேக் ஒரே சொல். மேகத்தில் அது ஓர் இணை: இடப்பக்கம் ஒரு தலைப்பு, வலப்பக்கம் ஒரு மதிப்பு. 'உரிமையாளர் = கணக்குப் பிரிவு' என்பது போல. அமேசான் மேகத்தில் ஒரு வளத்துக்கு 50 வரை போடலாம். தலைப்பு 128 எழுத்து, மதிப்பு 256 எழுத்து வரை போகலாம். ஒரு முழு வாக்கியமே அடங்கும். இதைச் 'சொல்' என்றால் மாணவருக்கு முதல் படியிலேயே தவறான படம் விழும்.

இது ஏன் முக்கியம் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். நான் முன்பு வேலை செய்த இடத்தில் இதே தலைப்பை ஒருவர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கினார், இன்னொருவர் சிறிய எழுத்தில். அமேசானுக்கு அவை இரண்டும் வேறு வேறு. மாதக் கடைசியில் செலவைப் பிரித்தால் ஒரே குழு இரண்டாகத் தெரிந்தது. எதுவுமே போடாத இயந்திரங்கள் ஒரு பெரிய குவியலாகக் கிடந்தன. யாருடையவை என்று தெரியாததால் நிறுத்தவும் பயம். அப்புறம்தான் படிவம் வைத்தோம். தலைப்பைத் தட்டச்சு செய்யவே விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தோம். மதிப்பு காலியாக இருந்தால் கோரிக்கை நகராது.

அந்த இடப்பக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'கீ' என்று பெயர். அதற்காக அதைத் 'திறவுகோல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது எதையும் திறப்பதில்லை.

தஞ்சாவூர், செவ்வாய் அதிகாலை

அம்மா, தம்பிமாரே, வணக்கம்.

இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. இந்த வேலையை நாம் சோழர் துறைமுகமான பூம்புகாரிலேயே செய்திருக்கிறோம். பட்டினப்பாலையைப் பாருங்கள். கடலிலிருந்து நிலத்துக்கு வருவதும் நிலத்திலிருந்து கடலுக்குப் போவதுமாகப் பண்டங்கள் மலைபோல் குவிகின்றன. உல்கு (சுங்கம்) கொள்வோர் 'புலி பொறித்துப் புறம்போக்கி' அனுப்புகிறார்கள். சோழன் குறி விழாத மூடை வெளியே போகாது. சிங்கப்பூர்த் தம்பி சொன்ன படிவமும் இதுதானே? காலியாக இருந்தால் நகராது என்றாரே.

சிலம்பு இன்னும் நெருங்கி வருகிறது. இந்திரவிழவூரெடுத்த காதையில் 'வம்ப மாக்கள் தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி' என்று வருகிறது. உரியவர் பெயர், அடையாள எழுத்து, எண்ணிக்கை, மூன்றும் மூட்டையின் மேல். ஆகவே 'பொறிப்பு' என்பதே என் பரிந்துரை. வினை தயாராக இருக்கிறது: பொறித்தான், பொறிக்கப்பட்டது. இல்லாதது பொறிப்பிலா வளம்.

பொறி என்னும் சொல்லின் வீச்சையும் கவனியுங்கள். புள்ளி, வரி, முத்திரை, ஐம்பொறி, எந்திரம், தீப்பொறி எல்லாம் அதில் அடங்கும். ஒரு பரப்பில் பதிந்து தனித்துத் தெரிவது என்ற ஒரே வேரிலிருந்து இவை கிளைத்தன என்றே நான் கருதுகிறேன். கண்ணும் காதும் முகத்தில் பொறிக்கப்பட்டவை அல்லவா? கீழடிப் பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறியிருப்பதும் உரியவர் பொறிப்புத்தான். எகிப்தில் செங்கடல் கரையில், குசைர் அல்-காதிமில் கிடைத்த ஓட்டில் 'பானை ஒறி', அதாவது உறியில் வைக்கும் பானை, என்று இருக்கிறது. அங்கே ஆளின் பெயர் இல்லை, பொருளின் பெயர் இருக்கிறது. கோவை அம்மா கேட்ட லேபிள் அது, ஆதன் டேக். இரண்டையும் நம்மவர் அன்றே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

மதுரை, செவ்வாய்

ஐயா, படிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் என் வகுப்பில் நாற்பது பேரில் பத்துப் பேராவது 'பொரித்த வளங்கள்' என்று எழுதுவார்கள். றகரமும் ரகரமும் வாயில் ஒன்றாகிப் பல காலம் ஆயிற்று. போதாததற்குப் பொறியாளர் பொறியில் பொறிப்பைப் பொறிக்கிறார் என்று வரும். 'அடையாளம்' என்று விட்டால் என்ன?

சிங்கப்பூர், செவ்வாய்

அடையாளம் ஏற்கெனவே போய்விட்டது. யார் உள்ளே வரலாம் என்று பார்க்கும் பகுதிக்கு 'அடையாள மேலாண்மை' என்று எழுதுகிறோம். அதே பாடத்தில் இரண்டும் மோதும்.

பெங்களூர், செவ்வாய்

நான் இந்த வேலையிலேயே இருப்பவன். மாணவர் நாளை அலுவலகத்தில் கேட்கப்போவது 'டேக்' என்ற ஒலியைத்தான். அதையே தமிழெழுத்தில் எழுதுங்கள். புரிவதுதான் முதல்.

தஞ்சாவூர், செவ்வாய்

தம்பி, டகரம் சொல்லுக்கு முதலில் வராது, ககர ஒற்று இறுதியில் வராது. இரண்டு எழுத்துச் சொல்லுக்குள் இரண்டு விதிகள் முறிகின்றன.

யாழ்ப்பாணம், புதன்

வணக்கம். முதலில் மேகத்தைப் பற்றி. இங்கே எங்களுக்கு 'முகில்' பேச்சிலேயே இருக்கும் சொல். அதைப் புத்தகத்துக்கு மட்டும் மேகமாக்குவது ஏன் என்று தெரியவில்லை.

டேக்குக்குச் 'சிட்டை' என்று வைக்கலாமா? சிறியது, வாய்க்கு எளியது, பொருளோடு கட்டிவிடும் துண்டு என்ற உணர்வும் வருகிறது.

சேலம், புதன்

சிட்டை வேண்டாம். எங்கள் ஊரில் அந்த ஒலியைக் கேட்டதும் பட்டா, சிட்டா, அடங்கல் என்று தாலுகா அலுவலக வரிசை கண்ணில் வந்துவிடும்.

முகிலா மேகமா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். மேகத்துக்குக் கொண்மூ, எழிலி என்ற பழஞ்சொற்களையும் ஐயா தொடங்கிவிட்டால் வெள்ளி வந்துவிடும்.

எனக்கு உறுத்துவது தானியக்கம். ஆசிரியை அம்மாவின் மாணவன் கேட்டது நல்ல கேள்வி. தன் + இயக்கம் என்றால் தனிக்குறில் முன் ஒற்று இரட்டித்துத் தன்னியக்கம் ஆகும். தானியத்துக்கு அங்கே இடமில்லை.

யாழ்ப்பாணம், புதன்

நாங்கள் தன்னியக்கம் என்றே எழுதுகிறோம்.

சென்னை, புதன்

தானியங்கியில் 'தான்' எழுவாய். தானே இயங்குவது. தன்னியக்கத்தில் அது வேற்றுமை ஏற்ற வடிவம், தனது இயக்கம். பொருள் வேறு வேறு. தானியங்கியைத் தவறு என்று சொல்ல முடியாது. அது பேருந்து நிலையம்வரை போய்ச் சேர்ந்துவிட்ட சொல்.

சிங்கப்பூர், புதன் இரவு

கொஞ்சம் விலகிப் போகிறேன். நம் சொல்லைத் தமிழிலேயே டேக்காகப் போட முடியுமா என்று அமேசானின் ஐஏஎம் (அடையாள, அனுமதி மேலாண்மைப் பகுதி) ஆவணத்தைப் பார்த்தேன். எழுத்து, எண், இடைவெளி, சில குறிகள் மட்டும் செல்லும் என்கிறது விதி. ஆனால் கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு வகைப்பாட்டில் ககரம் எழுத்து. புள்ளியும் கால், கொம்பு முதலியவையும் எழுத்து அல்ல, சேர்குறிகள். அந்த விதிப்படி 'கடல்' என்றால் புள்ளி தடுக்கிறது, 'நதி' என்றால் இகரக் குறி தடுக்கிறது. கூகுள் லேபிளுக்குக் கொடுத்துள்ள விதியிலும் சேர்குறிக்கு இடம் இல்லை. எந்த மொழி எழுத்தும் ஏற்போம் என்று சொல்லிவிட்டு உயிர்மெய்யை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு நாளாக மனம் இதிலேயே இருக்கிறது.

தஞ்சாவூர், வியாழன் அதிகாலை

'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்' என்றார் தொல்காப்பியர். புள்ளி மெய்யின் இயற்கை. ஒட்டிவைத்த குறி அன்று. இதை அவர்களுக்கு எழுத ஒரு வழி சொல்லுங்கள் தம்பி. நான் வரைவு எழுதித் தருகிறேன்.

யாழ்ப்பாணம், வியாழன்

அக்கா, பெயர்ச்சொல்லில் முடிவு வராது போலிருக்கிறது. வினையையாவது தீர்ப்போம். 'குறிச்சொல்லிடு' நாவில் நிற்கவில்லை. பெயர் சூட்டுகிறோம், முடி சூட்டுகிறோம். குறிச்சொல்லையும் சூட்டலாமே? வளத்துக்குக் குறிச்சொல் சூட்டு. சூட்டாத வளம். தானே சூட்டுதல்.

மதுரை, வியாழன்

இது வகுப்பில் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும்.

தஞ்சாவூர், வியாழன்

சூட்டு நல்ல வினை, ஏற்கிறேன். மாட்டுக்குக் குறி வைக்கச் சூடு போடுவதும் இதற்குள் வருமா, அது சுடுதலிலிருந்து வந்த வேறு சொல்லா என்று பார்க்க வேண்டும். ஆனால் சூட்டப்படும் பொருள் பொறிப்பாகவே இருக்கட்டும்.

கோவை, வெள்ளி காலை

எல்லாருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன். குறிச்சொல்லுக்கு ஐந்து பேர், பொறிப்புக்கு ஐயாவும் தனிமடலில் எழுதிய இன்னொருவரும், டேக் என்றே விடச் சொன்னவர் ஒருவர். ஆகவே குறிச்சொல். அது ஓர் இணை என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்: தலைப்பு, மதிப்பு. வினை சூட்டு. கூகுளின் லேபிளுக்கு 'ஒட்டு' என்று வைத்திருக்கிறேன். அங்கே லேபிள் செலவைப் பிரித்துப் பார்க்க உதவுவது. டேக்கை வைத்து அனுமதியையே கட்டுப்படுத்தலாம், மேல் கோப்புறையில் சூட்டினால் கீழே உள்ளவற்றுக்கும் இறங்கும். இந்த வேறுபாட்டுக்கு ஒட்டும் குறிச்சொல்லும் போதும்.

தலைப்பைச் சொற்றொடராகவே மாற்றிவிட்டேன்: "நிரலர் தாமே வளம் கேட்கும்போது குறிச்சொல் தானாகச் சூட்டப்படுவது எப்படி?" தற்சேவை, பணிப்பாய்வு, தானியக்கம் மூன்றும் தலைப்பிலிருந்து போய்விட்டன. பாடத்துக்குள் தானியக்கம் நான்கு இடத்திலும் தன்னியக்கம் ஓரிடத்திலும் இருக்கின்றன. மெய்ப்புப் பார்க்கும்போது ஒன்றாக்க வேண்டும். ஐயாவின் புலிப்பொறியைப் பாடத் தொடக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

தஞ்சாவூர், வெள்ளி

மகிழ்ச்சி அம்மா. பெட்டிக்குள் இருந்தாலும் பொறிப்பு அச்சில் வருகிறது. அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன். 'புறம்போக்கி' என்பதைப் புறம்போக்கு நிலத்தோடு மாணவர் குழப்பிக்கொள்ளாமல் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.