‘ரெசிஸ்டிவ் டச்’, ‘கெபாசிட்டிவ் டச்’: தமிழில் எப்படிச் சொல்வது? (வியாழன் அச்சுக்குப் போகிறது)

திருச்சி, பாலிடெக்னிக் ஆசிரியர்:
நண்பர்களுக்கு வணக்கம். மாணவர்களுக்கான செய்முறைக் கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. தோட்டத்து மோட்டாரை வைஃபை வழியாகப் போட்டு நிறுத்தும் பெட்டி ஒன்று செய்கிறோம். அதற்காக இஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள நுண்கட்டுப்படுத்திச் சில்லும் திரையும் ஒரே பலகையில் வரும் இரண்டு வகைகளை வாங்கிச் சோதித்தோம். முதலாவது 2.8 அங்குலம், 320க்கு 240 புள்ளிகள், ரெசிஸ்டிவ் டச், அதாவது அழுத்தினால் உணர்வது. இரண்டாவது கெபாசிட்டிவ், விரல் பட்டாலே உணர்வது. தொடுதிரை, நுண்கட்டுப்படுத்தி எல்லாம் பழகிவிட்டன. இந்த இரண்டு வகைக்குத்தான் சொல் வேண்டும். பாடநூல் வழியில் ‘மின்தடைத் தொடுதிரை’, ‘மின்தேக்கித் தொடுதிரை’ என்று எழுதியிருந்தேன். வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “கரண்ட் போனாலும் இது வேலை செய்யுமா சார்?” என்று கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. ‘நாளை மின்தடை’ என்று செய்தித்தாளில் பார்த்து வளர்ந்த பிள்ளை.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, மெய்யால் அறிவதற்குத் தமிழில் ‘ஊறு’ என்று பெயர். ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று வள்ளுவர் அடுக்குகிறார். ஓரறிவைச் சொல்ல வந்த தொல்காப்பியர் ‘உற்றறிவதுவே’ என்கிறார். ‘தொடு’ என்பதற்கோ தோண்டு என்றும் பொருள் உண்டு. ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ நினைவிருக்கும். அழுத்தினால் குழியும் திரைக்குத் ‘தொடுதிரை’, பட்டாலே உணரும் திரைக்கு ‘உறுதிரை’. இரண்டும் நம்மிடமே இருக்கின்றன. (மணற்கேணியில் ‘ஊறும்’ என்பது சுரத்தல், புலனாகிய ஊறு வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கோவை, பலகை வடிவமைப்பவர்:
ஐயா, கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் எல்லார் கையிலும் இருக்கும் போன் கெபாசிட்டிவ்தான். அதைத்தான் ஊரே தொடுதிரை என்கிறது. அந்தப் பெயரை எடுத்து மற்றதற்கு வைத்தால் பிள்ளைகள் தலைகீழாகப் படிப்பார்கள். திரைக்குள் நடப்பதைப் பாருங்கள். மேலே வளையும் பிளாஸ்டிக் ஏடு, கீழே கண்ணாடி, இரண்டிலும் மின்சாரம் கடத்தும் பூச்சு. நடுவில் பொடிப்பொடியான புள்ளிகள் இரண்டையும் விலக்கி வைத்திருக்கும். அழுத்தினால் ஏடுகள் ஒட்டும். ஒட்டிய இடத்து வோல்டேஜை எக்ஸ்பிடி2046 சில்லு 0 முதல் 4095 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். விரல், பேனா மூடி, கையுறை எதுவானாலும் சரி, அழுத்தம்தான் கணக்கு. ‘அழுத்துதிரை’ என்றே வைத்துவிடலாம்.

யாழ்ப்பாணம், மின்னணுப் பொறியாளர்:
ஐயாமாருக்கு வணக்கம். அழுத்துவது விரலின் வேலை. பெயர் சுற்றின் தத்துவத்தைச் சொல்ல வேண்டாமா? எங்கள் பாடநூல்களில் கெபாசிட்டர் ‘கொள்ளளவி’. ‘தடையுணர் தொடுதிரை’, ‘கொள்ளளவுணர் தொடுதிரை’ என்றால் ‘மின்’ போய்விடும், அந்தப் பிள்ளையின் ஐயமும் தீரும்.

திருச்சி:
அம்மா, ‘தடையுணர்’ என்றால் எங்கள் மாணவர்களுக்குச் சுவரைக் கண்டு திரும்பும் ரோபோ வண்டிதான் ஞாபகம் வரும். போன பருவம் அதைத்தான் செய்தார்கள்.

கோவை:
அப்புறம், இதே கையேட்டில் ‘பஃபர்’ வருமே, படத்தைத் திரைக்கு அனுப்புமுன் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம்? 320க்கு 240, புள்ளிக்கு இரண்டு பைட், ஆக ஒரு முழுப்படம் 153,600 பைட். இஎஸ்பி32இல் இருக்கும் நினைவகமே 520 கிலோபைட். வைஃபையும் அதில்தான் பங்கு கேட்கும். திரையில் வரைய உதவும் எல்விஜிஎல் நிரலகத்தில் முழுப்படத்தில் பத்தில் ஒரு பங்கு, 15,360 பைட் ஒதுக்கித் துண்டுதுண்டாக வரைவது வழக்கம். கணினியில் இடையகம் என்கிறோம், வேதியியலில் தாங்கல் கரைசல். ஒரே மாணவன் இரண்டையும் படிக்கிறான்.

திருச்சி:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ‘அழுத்துதிரை’யா ‘அழுத்துத்திரை’யா?

மதுரை:
வினைத்தொகை, ஒற்று மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல. அழுத்துவது நாம், திரை இல்லையே என்று யாராவது கேட்டால் குடிநீரைக் காட்டுங்கள். நீரா குடிக்கிறது?

திருச்சி:
நேற்று இரண்டு பலகைகளையும் மேசையில் வைத்து, மாணவர்களைக் கையை நனைத்துக்கொண்டு தொடச் சொன்னேன். கெபாசிட்டிவ் கண்ணாடியில் நின்ற ஒரு சொட்டுத் தண்ணீரையே விரல் என்று எடுத்துக்கொண்டு மோட்டார் பொத்தான் தானாக மாறியது. மற்றதில் நகத்தால் அழுத்தியபோது மட்டும் மாறியது. அதன் மூலைகளைத் தொட்டு ஒருமுறை அளவைச் சரிசெய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தோட்டத்தில் நிற்பவர் கை ஈரமாகத்தான் இருக்கும். அந்த மாணவி தன் குறிப்பேட்டில் ‘அழுத்துற திரை’ என்று எழுதியிருந்தாள், நான் சொல்லாமலே. ஆகவே கையேட்டில் ‘அழுத்துதிரை’, ‘மின்தேக்கித் தொடுதிரை’. முதல்முறை வரும் இடத்தில் பக்கத்தில் ரெசிஸ்டிவ், கெபாசிட்டிவ் என்றும் போடுகிறேன். கடையில் அப்படித்தான் கேட்க வேண்டும்.

கோவை:
சரி. என் வாக்கு இதற்கே.

யாழ்ப்பாணம்:
பெரும்பான்மையை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்று கையின் செயல், மற்றது சுற்றின் பண்பு. ஒரே அட்டவணையில் இரண்டு அளவுகோல் நிற்கிறது. இரண்டாம் பதிப்பு வரும்போது இதைத் திரும்பவும் எழுப்புவேன்.

மதுரை:
எனக்கு வரும் பிரதியில் ‘உறுதிரை’ என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன் தம்பி. ஒரு பிரதி மறக்காமல் அனுப்பு.