நேபாள மலைப்பயணம்: வடிகட்டி பாட்டில் மட்டும் போதுமா?

வழிப்போக்கன்:
வரும் அக்டோபரில் நானும் என் தங்கையும் லுக்லாவிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து செல்லவிருக்கிறோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கிற்குக் எவரெஸ்டைச் சுற்றியுள்ள கும்பு பகுதியில் 2020 முதல் தடை விதித்திருப்பதாலும், மலையில் குப்பை போட்டுவர எங்களுக்கு மனமில்லாததாலும், வடிகட்டி பொருத்திய பாட்டில் ஆளுக்கொன்று வாங்க எண்ணுகிறோம். நாங்கள் பார்த்துவைத்த பாட்டிலின் அட்டையில் 0.2 மைக்ரான் என்று அச்சிட்டிருக்கிறது. காட்மாண்டு விடுதியின் குழாய்நீரையும் வழியிலுள்ள ஓடைநீரையும் அதில் நிரப்பி அப்படியே குடிக்கலாமா?

மலையேறி:
ஓடைநீருக்குப் பெரும்பாலும் போதும். காட்மாண்டு குழாய்நீருக்குப் போதாது. 0.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளைகள் கொண்ட இழைவடிகட்டி, அதாவது மெல்லிய குழல் இழைகளாலான வடிகட்டி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்களையும், அவற்றைவிடப் பல மடங்கு பெரியவையான ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் ஆகிய ஒட்டுண்ணிகளையும் தடுத்துவிடும். ஆனால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸின் அளவு ஏறத்தாழ 0.03 மைக்ரான்தான் என்பதால், அது அத்துளைகளின் வழியே தாராளமாக நுழைந்துவிடும். கழிவுநீர் கலக்க வாய்ப்புள்ள நகரங்களிலும், மலையில் ஊருக்குக் கீழே ஓடும் நீரிலும் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். ஆகவே வடிகட்டிய நீரில் குளோரின் டை ஆக்சைடு மாத்திரையைப் போட்டு அரைமணி நேரமாவது வைத்திருந்து குடியுங்கள். நீர் மிகவும் குளிர்ந்திருந்தால் இன்னும் கூடுதல் நேரம் விடுவது நல்லது. வைரஸையும் நீக்கும் பாட்டில்கள் தனியாக விற்கின்றன. எடையும் விலையும் சற்று அதிகமென்றாலும், தங்கையுடன் செல்லும் உங்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

பனிக்காற்று:
மேலே சொன்னதோடு உறைபனியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒருமுறை நனைந்த இழைவடிகட்டி உறைந்துபோனால், உள்ளே தங்கிய நீர் விரிந்து இழைகளைக் கிழித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, நீரும் வழக்கம்போல வரும், ஆனால் கிருமிகளும் கூடவே வரும். அக்டோபரிலும் வழியிலுள்ள நாம்சே ஊருக்கு மேலே இரவுகளில் நீர் உறையக்கூடும். எனவே வடிகட்டியை நன்றாக உதறி, உறையிலிட்டு, உறங்கும்போது ஸ்லீப்பிங் பேக்கிற்குள் உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். உறைந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தாலே அதைத் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

பனியாற்று நீர் வெண்மையாகக் கலங்கியிருக்கும். அதைச் சிறிது நேரம் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுக்காவிட்டால் வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும்.

வழிப்போக்கன்:
இருவருக்கும் மிக்க நன்றி. வடிகட்டி கெட்டுவிட்டால் விடுதிகளில் கொதிக்கவைத்த நீரை நம்பலாமா? கோரக்ஷேப் போன்ற 5,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் நீர் 83 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்று படித்தேன்.

மலையேறி:
நம்பலாம். அந்த வெப்பமே கிருமிகளைக் கொல்லப் போதுமானது. 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் தளதளவெனக் கொதிக்கவேண்டும், அவ்வளவுதான். வெறுமனே சூடாக்கிய நீரைத் தந்துவிடாமல் கொதிக்கவைத்தே தரும்படி கேட்டு வாங்குங்கள். பணம் வாங்குவார்கள், அந்த உயரத்திற்கு எரிபொருளைச் சுமந்து ஏற்றுகிறவர்களை நினைத்தால் அது நியாயமே.