18 ஸ்குரூ உள்ள பக்கத் தகட்டுக்குக் கால் திருப்புப் பூட்டுப் பொருத்தலாமா?

தலவாக்கலைப் பயிலுநர்:
ஹெலிகொப்டர் பராமரிப்பில் இரண்டாம் ஆண்டுப் பயிலுநராக இருக்கிறேன். எங்கள் இயந்திரம் அடிக்கடி தோட்டத்து விளையாட்டுத் திடல்களில் இறங்குவதால், கியர்ப்பெட்டிக்குக் கீழே உள்ள பக்கத் தகட்டின் 18 ஸ்குரூக்களையும் பனிமூட்டத்துக்குள் நின்றே கழற்றிப் பூட்ட வேண்டியிருக்கிறது. விரல்கள் விறைத்து, புல்லுக்குள் விழுந்த ஒன்றைத் தேடியே கால் மணி நேரம் போய்விடுகிறது. எஞ்சின் மூடியில் இருக்கும் டிசூஸ் போன்ற, கால் சுற்றுத் திருப்பினாலே திறந்து பூட்டும் கால் திருப்புப் பூட்டுகளை இதற்கும் பொருத்தலாமா? நான்கு துளைகள் வேறு நீள்வட்டமாகிவிட்டன. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா, ரோலர் மூடிகளுக்குச் செய்ததைப் போல, ஓர் அளவு பெரிய ஸ்குரூ போட்டால் போதாதா?

பழைய தகட்டு வேலையாள்:
தம்பி, ரோலரின் மூடி கழன்றால் கொழுந்து சிந்தும். ஹெலிகொப்டரின் மூடி கழன்று பின்னால் பறந்தால் வால் சுழலியில் போய் அடிக்கலாம். எஞ்சின் மூடி பெரும்பாலும் காற்றையும் மழையையும் மறைப்பதற்கானது என்பதால்தான், அதைக் கால் சுற்றில் திறக்கும்படி விட்டிருக்கிறார்கள். இத்தனை ஸ்குரூக்களை நெருக்கமாக வைத்த தகடோ, உடலின் பாரத்தில் பங்கு சுமப்பதாக இருக்கக்கூடும். அப்படியானால், இறுகிய ஸ்குரூக்கள் தகட்டையும் சட்டத்தையும் ஒன்றாக்கி விசையைக் கடத்துகின்றன. சாதாரண டிசூஸ் கொளுவிக்கொள்ளும் கம்பி, தகட்டை இழுத்துப் பிடித்து வைக்குமே தவிர, பக்கவாட்டு விசையை நம்பி அதனிடம் ஒப்படைக்க முடியாது.

பெரிய ஸ்குரூவும் வேண்டாம். துளையின் மையம் விளிம்பிலிருந்து குறைந்தது விட்டத்தின் 2 மடங்கு தள்ளியிருக்க வேண்டும் என்பது தகட்டு வேலையின் பால பாடம். 4.8 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு 9.6 போதும், அதை 6.4 ஆக்கினால் 12.8 வேண்டும், அவ்வளவு இடம் அங்கே இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அதைவிட, துளை ஏன் நீண்டது? தளர்ந்த தகடு அதிர்வில் நூலிழை நூலிழையாக நகர்ந்து உலோகத்தைத் தின்றிருக்கிறது. தலையைச் சுற்றிக் கரும்பொடி படிந்திருந்தால் அதுவே சாட்சி.

தகடு ஏன் தளர்ந்தது என்று அறிய, உள்பக்கம் ரிவெட் அடித்த நட் பிளேட்டில், அதாவது சட்டத்தோடு நிலையாகப் பொருத்திய நட்டில், ஸ்குரூவை விரலால் மட்டும் திருகிப் பாருங்கள். தானே பூட்டிக்கொள்ளும் நட் என்றால், புரி உள்ளே போகப் போக விரலுக்கு இடம் கொடுக்காமல் மறுக்க வேண்டும். இறுதிவரை வழுக்கிக்கொண்டு போனால் அதன் பிடி தேய்ந்துவிட்டது.

பண்டாரவளைப் பொறியாளர்:
பூட்டின் வகையை மாற்றுவது பராமரிப்பு அல்ல, வடிவமைப்பு மாற்றம்; அங்கீகரிக்கப்பட்ட தரவு இல்லாமல் உரிமம் பெற்ற எந்தப் பொறியாளரும் அதற்குக் கையெழுத்திட மாட்டார். நீண்ட துளைகளுக்குக் கட்டமைப்புப் பழுதுநீக்கக் கைநூலில் வழி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் உற்பத்தியாளரிடம் கேட்க வேண்டும்.

ஸ்குரூ தொலைவதற்கு வழி எளிது. அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் தகட்டின் உருவை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான ஸ்குரூ குட்டையான இடத்துக்குப் போய், பின்னாலிருக்கும் வயரைத் துளைக்கும் ஆபத்தும் அதோடு தீரும். அதன்பிறகும் ஒன்று குறைந்தால், அது புல்லில்தான் இருக்கிறது என்று ஊகித்துவிடாமல், கிடைக்கும்வரை இயந்திரத்தைக் கிளப்ப விடாதீர்கள்.

நம் மலைநாட்டு ஈரத்தில் துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூவும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் தகடுதான் அரிக்கும். ஸ்குரூத் தலையின் கீழே வெண்பொடி தெரிகிறதா என்று பாருங்கள்.

தலவாக்கலைப் பயிலுநர்:
இன்று காலை எங்கள் பொறியாளர் முன்னிலையில் சோதித்தேன். 18 இல் 7 ஸ்குரூக்கள் விரலாலேயே இறுதிவரை இறங்கின. நீண்டுபோன நான்கு துளைகளும் அந்த ஏழுக்குள்தான் இருக்கின்றன. புதிய நட் பிளேட்டுகளுக்கு எழுதியாகிவிட்டது, துளைகளைப் பற்றிய அளவுகளும் உற்பத்தியாளருக்குப் போயிருக்கின்றன. பதில் வரும்வரை இயந்திரம் பறக்காது. அப்பாவிடம் சொன்னபோது, ரோலரிலும் தான் முதலில் நட்டைத்தான் பார்த்ததாகவும், அதை நான் கவனிக்கவில்லை என்றும் சொல்கிறார்.